40 ஆண்டுகள் காணாமல் போன தொகுதி!

பாலாற்றங்கரை இளைஞர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தகப்பனார் 1984-லும் 1989-லும் எந்தத் தொகுதியில் வாக்களித்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஆம்பூர்க்காரராக இருந்தால் "பேரணாம்பட்டு தனித் தொகுதி" என்பார். "ஏன், ஆம்பூர் என்று ஒரு தொகுதி இல்லையா?" என்று கேட்டால் சற்று யோசித்து, "இருந்தது, பிறகு போய்விட்டது" என்பார். யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

பதில் இல்லாமல் போனதுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆம்பூர் சிற்றூர் அல்ல. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், ரயில் பாதையோரம் உள்ள நகரம். இங்கே பதனிடப்பட்ட தோலும் தைக்கப்பட்ட காலணியும் கடல் கடந்து செல்கின்றன. இவ்வூரின் பிரியாணி பெயரை அறியாதவர் தமிழகத்தில் இல்லை. அப்படிப்பட்ட நகரத்தின் பெயர் 1971 தேர்தல் வரை சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் இருந்தது. 1977 தேர்தலில் இல்லை! அதன்பின் 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006 என மொத்தம் எட்டுப் பொதுத் தேர்தல்களில் ஆம்பூர் மக்கள் வேறொரு தொகுதியின் ஒரு பகுதியாகவே வாக்களித்தார்கள்.

கோடு போட்டது யார்?

1971 மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு நடந்த மறுவரையறையில் இது நிகழ்ந்தது. ஆம்பூர் சேர்ந்தது பேரணாம்பட்டு என்ற தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதியில். பேரணாம்பட்டும் ஆம்பூரைப் போலவே தோல் தொழில் செழித்த, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர். ஆக, இரு நகரங்களின் முஸ்லிம்களும் வாக்களிக்கலாம், வரிசையில் நிற்கலாம், பிரச்சாரம் செய்யலாம். ஆனால் அவர்களில் ஒருவர்கூட வேட்பாளராக முடியாது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இந்துக்கள், பின்னர் சீக்கியர்கள், 1990 முதல் பௌத்தர்கள் மட்டுமே இடம்பெற முடியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தலித் சகோதரர்களின் இட ஒதுக்கீட்டுக்கு நாம் எதிரி அல்ல. அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை. நம் தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் நம்மோடு தோள் சேர்ந்து உழைப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கான இடம் குறையக் கூடாது. அந்த இடம் எங்கே அமைய வேண்டும் என்பது மட்டுமே நம் கேள்வி. தாழ்த்தப்பட்டோர் விகிதம் கூடுதலாக உள்ள பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவலாக அமைய வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையும் இதைத்தான் சுட்டிக்காட்டியது. உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் தொகுதிகள் தனித் தொகுதிகளாக இருக்க, தாழ்த்தப்பட்டோர் விகிதம் அதிகமுள்ள வேறு தொகுதிகள் பொதுவில் விடப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டி, வரையறை முறையைச் சீர்செய்யப் பரிந்துரைத்தது. இந்த முறைகேட்டால் இழப்பு நமக்கு மட்டுமா? தலித் மக்களுக்கும்தான்!

திரும்பி வந்த ஆம்பூர்

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளைத் திருத்தியது. அது 2008-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் தனித் தொகுதிகள் 42-லிருந்து 44 ஆயின. பேரணாம்பட்டு தொகுதி மறைந்தது. ஆம்பூர் மீண்டும் பொதுத் தொகுதியாகப் பிறந்தது. நாடாளுமன்றத்திலும் மாற்றம் வந்தது. அதுவரை ஆம்பூர் வேலூரிலும், பக்கத்து ஊரான வாணியம்பாடி திருப்பத்தூர் மக்களவைத் தொகுதியிலும் பிரிந்து கிடந்தன. திருப்பத்தூர் மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டதும் இரண்டும் வேலூரில் ஒன்று சேர்ந்தன.

விளைவு என்ன? 2011-இல், 40 ஆண்டுகளுக்குப் பின் ஆம்பூர் பெயரில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் மனிதநேய மக்கள் கட்சியின் அஸ்லம் பாஷா வெற்றி பெற்றார். கோடு மாறியது, வாசல் திறந்தது!

ஆனால் வாசல் திறந்ததாலேயே வீடு நமதாகிவிடாது. 2016-இல் அ.தி.மு.க.வின் பாலசுப்பிரமணி வென்றார். 2017-இல் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 2019 இடைத்தேர்தலிலும் 2021 பொதுத் தேர்தலிலும் தி.மு.க.வின் வில்வநாதன் வென்றார். ஆம்பூர் வாக்காளர் பெயரைப் பார்த்து மட்டும் வாக்களிப்பவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. அதில் தவறும் இல்லை. போட்டியிடும் வாய்ப்பே இல்லாமல் இருப்பது வேறு, போட்டியிட்டுத் தோற்பது வேறு. முன்னது கோட்டின் தீர்ப்பு, பின்னது மக்களின் தீர்ப்பு.

வேலூரில் சேர்ந்ததன் பலனையும் பார்த்தோம். 2019 ஆகஸ்ட் மாதம் தனியாக நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் வெறும் 8,141 வாக்குகள். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட இடத்தில் இது எத்தனை சிறிய எண்! ஆம்பூரும் வாணியம்பாடியும் முன்போல் இரு வேறு தொகுதிகளில் இருந்திருந்தால் அன்றைய கணக்கே வேறு.

பேரணாம்பட்டுக்கு மட்டும் விடியவில்லை. அது குடியாத்தத்தில் சேர்க்கப்பட்டது. குடியாத்தமோ தனித் தொகுதியானது. ஒரு சுமை ஆம்பூர் தோளிலிருந்து இறங்கியது, பேரணாம்பட்டின் தோளில் அப்படியே இருக்கிறது.

நீதிமன்றம் போவது எளிதல்ல

"அநியாயம் என்றால் வழக்குப் போடலாமே" என்பார் சிலர். அது எளிதல்ல! அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவு அந்தக் கதவைப் பெரும்பாலும் அடைத்திருக்கிறது. இறுதி ஆணை அரசிதழில் வந்துவிட்டால், அடுத்த வரையறை வரை அதுவே விதி. 1970-களில் போட்ட கோடு முப்பதாண்டுகளுக்கு மேல் நின்றதே, போதாதா?

ஆகவே பேச வேண்டிய நேரம் ஆணைக்கு முன்புதான். 2002 சட்டத்தின்படி ஆணையம் முதலில் வரைவை வெளியிடும். ஆட்சேபணை கேட்கும். பொது விசாரணை நடத்தும். மாநிலத்துக்குப் பத்து மக்கள் பிரதிநிதிகள் துணை உறுப்பினர்களாக உட்காருவார்கள், ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. எழுதிக் கொடுக்கப்படும் மனுவுக்குத்தான் அங்கே மதிப்பு.

அந்த மனுவை எப்படி எழுதுவது? "எங்கள் ஊரில் முஸ்லிம்கள் அதிகம்" என்று எழுதினால் பயனில்லை. சட்டத்தில் அப்படி ஓர் அளவுகோலே கிடையாது. நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி ஆகியவையே அளவுகோல்கள். எந்த ஊர் மக்கள் எந்தச் சாலையில் போகிறார்கள், எந்தச் சந்தைக்கு வருகிறார்கள், எந்த வட்டத்தில் இருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும். 2019-இல் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆம்பூரும் வாணியம்பாடியும் சேர்ந்தன, பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலேயே நின்றது. இந்த மாவட்டக் கோடும் நாளை கணக்கில் வரும். தனித் தொகுதி எங்கே என்ற கேள்வியில், ஒன்றியம் ஒன்றியமாகத் தாழ்த்தப்பட்டோர் விகிதத்தைப் பட்டியலிட்டு, தலித் தலைவர்களோடு அமர்ந்து பேசி, இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த மனுவைத் தள்ளுவது கடினம்.

வியாபாரிகளே! கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. ஒரு சதுர அடி தோலுக்கு எத்தனை பைசா என்று நொடியில் சொல்பவர்கள் நீங்கள். உங்கள் வார்டில் எத்தனை பேர் என்று சொல்ல முடியுமா? மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருபவரிடம் வீட்டில் ஒருவரும் விடுபடாமல் சொல்கிறீர்களா? வேறு ஊருக்குக் குடிபோன பிள்ளையின் பெயர் எந்த வாக்காளர் பட்டியலில் இருக்கிறது?

இளைஞர்களே! 2001-இல் நிறைவேறிய 84-ஆவது திருத்தம், தொகுதி எண்ணிக்கையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரை நிறுத்தி வைத்தது. அடுத்த கோடு உங்கள் காலத்தில் விழும். ஜமாஅத் தோறும் ஐந்து படித்த இளைஞர்கள் போதும். வரைபடம், வார்டு மக்கள்தொகை, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருங்கள்.

1949-இல் அரசியல் நிர்ணய சபையில் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்று காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. அன்று முதல் பொதுத் தொகுதியே நம் களம். களத்தின் எல்லையைப் பிறர் அளந்து தரும்வரை காத்திருந்தோம், 40 ஆண்டுகளை இழந்தோம். அடுத்த முறை அளவுகோலுடன் வருபவர்கள் நம் ஊருக்குள் நுழையும்போது, நம் மனு தயாராக இருக்குமா?