மஞ்சள் விளக்கு எரியுதா? கோட் நம்பரைப் பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க!

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரியும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். அதில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் நின்றால், பலருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். கார் ரிப்பேர் என்பதைவிட பில் எவ்வளவு வரும் என்ற பயம்தான் அதிகம். அந்த விளக்கு ஏன் எரிகிறது என்பதை வீட்டு வாசலில் நின்றே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

முதலில், விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். நிலையாக எரிந்து, காரின் ஓட்டத்தில் மாற்றம் இல்லை, டெம்பரேச்சரும் சரியாக இருக்கிறது என்றால், பதறாமல் வீடு வரை ஓட்டி வரலாம். மின்னினால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஃபயர் ஆகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரே உருகிவிடலாம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் இருப்பதால் அதன் விலை உங்களைத் தூங்க விடாது. ஓரமாக நிறுத்திவிடுவதுதான் சிக்கனம். சிவப்பில் எரியும் ஆயில் விளக்கும் டெம்பரேச்சர் விளக்கும் இந்தக் கணக்கில் வராது. அவை எரிந்தால் அடுத்த நொடியே இன்ஜினை ஆஃப் செய்ய வேண்டும்.

அடுத்து, கோட் நம்பர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் கால் பக்கம் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். அதில் செருகும் ப்ளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. போனில் ஒரு ஆப் போட்டு இணைத்தால் பிழை எண் வந்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள், ஐபோனுக்கு ஒத்துவரும் அடாப்டர்தானா என்று பார்த்து வாங்கவும். சாதாரண ப்ளூடூத் அடாப்டர் அதில் வேலை செய்யாது. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் நிறுத்திவைத்த காரின் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்.

பலரும் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். பிழை எண் என்பது புகார் கொடுத்தவரின் பெயர். குற்றவாளியின் பெயர் அல்ல. பி0420 வந்தால் 'கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை' என்று ஆப் சொல்லும். உடனே கன்வெர்ட்டரை மாற்றிவிட்டால், பிறகு சைலன்ஸர் ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தது தெரியவரலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் காரைச் சுற்றி வந்து 'புஸ் புஸ்' சத்தம் கேட்கிறதா, ஜாயின்ட்டுகளில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் காசு வேண்டாம். மிஸ்ஃபயர் எண்ணும் கூடவே வந்திருந்தால் முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

பி0171 என்பது பெட்ரோலைவிடக் காற்று அதிகம் என்ற புகார். அண்மையில் ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தால், அந்த ஹோஸின் கிளிப் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

பி0301-ல் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள பெட்ரோல் கார் என்றால் ஒரு எளிய சோதனை செய்யலாம். இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை எடுத்து, சூடு ஆறும்வரை காத்திருங்கள். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலாவதிலும் மாற்றி மாட்டுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பி0302 வந்தால் பழுது காயிலோடு நகர்ந்துவிட்டது; அந்தக் காயிலை மட்டும் வாங்கினால் போதும். மறுபடியும் பி0301 என்றே வந்தால் காயில் நிரபராதி. ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்ததைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது காயிலைத் தொடவே கூடாது, ஷாக் அடிக்கும்.

சென்ஸார் பழுது என்று எண் வந்தால் பானெட்டைத் திறந்து வயரைப் பாருங்கள். நம் ஊரில் எலி கடித்த வயர்கள் ஏராளம். நல்ல சென்ஸாரைக் குப்பையில் போட்டு, புதிது வாங்கி, விளக்கு மறுபடி எரிந்த பிறகுதான் பலருக்கும் எலியின் நினைவு வருகிறது.

ஆப்பில் எண்ணை அழிக்கும் பட்டனும் இருக்கும். அதை அழுத்துவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை பதிவான நேரத்தில் கார் என்ன வேகத்தில் போனது, இன்ஜின் சூடு எவ்வளவு என்ற விவரமும் அதனுடன் அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைக்கும் முக்கியமான துப்பு அதுதான்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. விற்பவர் எண்ணை அழித்துவிட்டால் விளக்கு எரியாது. ஆனால் கார் தானாகச் செய்துகொள்ளும் சோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று ஆப்பில் காட்டும். அப்படிக் காட்டினால் சமீபத்தில் எண்ணை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்காக என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சாவியைத் திருப்பும்போது அந்த மஞ்சள் விளக்கு எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம்தான், விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

வாரன்டியில் உள்ள கார் என்றால் எதையும் கழற்றாமல் எண்ணை மட்டும் படித்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். பார்ட் மாற்ற வேண்டும் என்று சொன்னால், 'எந்த டெஸ்ட் செய்து இதுதான் பழுது என்று முடிவு செய்தீர்கள்?' என்று கேளுங்கள். டெஸ்ட் செய்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.