பசை போட்ட டயரும் பாதி வழிப் பயமும்



போன இதழில் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வழி சொன்னவள், இந்த இதழில் சைக்கிள் டயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். வயசுப் பெண்ணோ பிள்ளையோ இருக்கிற வீட்டில், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு இந்தப் பேச்சு வரத்தான் போகிறது.

என் மகள் ஓரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஒரு வருஷமாக அவளுக்கு 'ட்ரையத்லான்' பைத்தியம். முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், நடுவே உட்காராமல். கோவாவில் 2019 அக்டோபரில் முதன்முதலாக நடந்ததே, 'அயர்ன்மேன் 70.3' என்ற போட்டி, அதில் ஒரு தடவையாவது கலந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். ஆகமொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் அதுதான் 70.3. முழு அயர்ன்மேன் என்றால் எல்லாமே இரட்டிப்பாம். 90 கிலோமீட்டர் என்றால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிட்டத்தட்ட வேலூர் போகிற தூரம். கேட்டபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு நாள் சாயந்திரம் வந்தவள், "அம்மா, ஆபீஸ்ல ஒருத்தர் ரேஸ் சக்கரம் ரெண்டு விக்கிறாரும்மா. கார்பன் சக்கரம், ட்யூபுலர் டயரோட. புதுசு வாங்கினா நெனச்சுக்கூடப் பாக்க முடியாது. பாதி விலைக்குத் தராராம்" என்றாள். சீட்டுப் பணம் வருகிற மாசம் அது. அவள் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா!

"ட்யூபுலர்னா என்னடி?" என்றேன்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. என் அப்பா ஸ்ரீபெரும்புதூர் தேரடிப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அங்கேதான் வேலை. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவது எல்லாம் அத்துப்படி. "பசை பெரிசில்ல பாப்பா, அதைக் காய விடற பொறுமைதான் பெரிசு" என்பார் அப்பா. ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டு நிற்காது.

மகள் சக்கரத்தைப் பார்ப்பதற்காக வாங்கி வந்தாள். நம் வீட்டுச் சைக்கிள் டயருக்கு இரண்டு பக்கமும் கெட்டியான விளிம்பு இருக்கும். அது ரிம்மின் ஓரத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். ட்யூப் தனியாக உள்ளே இருக்கும். இந்த ட்யூபுலரில் அப்படி இல்லை. தலையணை உறைக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிடுகிற மாதிரி, டயருக்குள் ட்யூபை வைத்துச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். முழு வட்டமாக ஒரு குழாய்தான். அதை ரிம்மின் மேல் பசை போட்டு, இல்லையென்றால் ஒட்டு நாடா போட்டு, ஒட்டிவிடுகிறார்கள். பசை மட்டும்தான் பிடிமானம்!

இதில் நல்லது இல்லாமல் இல்லை. ரிம்மில் விளிம்பு தேவையில்லாததால் சக்கரம் இலேசாக இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சராவது குறைவு. காற்று இறங்கினாலும், நன்றாக ஒட்டியிருந்தால் டயர் சட்டென்று கழலாது. அதனால்தான் பந்தயக்காரர்கள் வெகுகாலம் இதையே கும்பிட்டார்கள்.

ஆனால் பசையை நம்பின பிழைப்பு இரண்டு விதமாகவும் காலை வாரும். 2003-ல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் ஹொசேபா பெலோக்கி என்ற ஸ்பெயின் வீரர் மலைச்சரிவில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் தார் இளகின ரோடு. பின்சக்கரம் வழுக்கி, டயர் ரிம்மை விட்டுக் கழன்று, மனுஷர் விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. அங்கே ஒட்டினது போதவில்லை. இன்னொன்று 2005-ல் ஹவாய்த் தீவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டி. முந்தின வருஷம் ஜெயித்த ஜெர்மனிக்காரர் நார்மன் ஸ்டாட்லருக்குப் பஞ்சர். ட்யூபுலரைப் பிய்த்தெடுத்தால்தானே வேறு டயர் போடலாம்? பசை அதிகமாகிவிட்டதால் பிய்க்கவே வரவில்லை. சைக்கிளை வீசியெறிந்துவிட்டு, போட்டியிலிருந்தே விலகிவிட்டார். பாவம், அடுத்த வருஷமே வந்து மறுபடி ஜெயித்தார் என்பது ஆறுதல்.

இதையெல்லாம் மகள்தான் படித்துச் சொன்னாள். "அதுக்காக எல்லாருக்குமா அப்படி ஆகும்?" என்றும் அவளே சமாதானம் சொன்னாள்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "வழியில பஞ்சரானா யாரு மாத்துவாங்க?"

"நான்தாம்மா. போட்டியில வெளியாள் யாரும் தொடக்கூடாது. நீயே ரோட்டோரம் நின்னாலும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கணும்."

எனக்கு மனசு என்னவோ செய்தது. ஆயிரம் பஞ்சர் ஒட்டின கை இது. பெற்ற பெண் வெயிலில் சக்கரத்தோடு மல்லுக்கட்டும்போது, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம்! சரி, அப்படியானால் அவள் கைக்கு வருகிற டயர்தான் அவளுக்கு டயர் என்று முடிவு கட்டினேன்.

"மொட்டை மாடிக்கு வா. மாத்திக் காட்டு, பாக்கலாம்" என்றேன். சக்கரத்துக்காரரிடமும் கேட்டுக்கொண்டோம். "பழைய டயர்தானே, கழட்டிப் பாருங்க" என்றார்.

ட்யூபுலரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கட்டைவிரலால் நெம்பினாள், நகம் ஒடிந்தது. நானும் ஒரு கை பிடித்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. புதிதாக ஒட்டுவது அதைவிடப் பெரிய வேலை. ரிம்மில் ஒரு கோட்டு, டயரில் ஒரு கோட்டு, காய விட்டு மறுபடி ஒரு கோட்டு, ஒட்டின பிறகு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும். போட்டிக்கு ஏற்கெனவே பசை தடவின முழு டயர் ஒன்றை மடித்துக் கட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் மாற்றினால் பிடிப்பு முழுசாக இருக்காது, திருப்பங்களில் பயந்து பயந்துதான் போக வேண்டும். பஞ்சரான ட்யூபுலரை வீட்டில் சரி செய்ய வேண்டுமானால், தையலைப் பிரித்து, ஒட்டுப் போட்டு, ஊசி நூலால் திரும்பத் தைக்க வேண்டும்!

அப்புறம் அவளுடைய பழைய சக்கரத்தை எடுத்தோம். விளிம்பு டயர். முதல் தடவை இருபத்திரண்டு நிமிஷம். தினம் சாயந்திரம் பழக்கினேன். பத்தாம் நாள் எட்டு நிமிஷம்.

வாங்கினால் இன்னொரு சிக்கல். ட்யூபுலர் ரிம்மில் சாதாரண டயர் மாட்டவே மாட்டாது. மலிவாகக் கிடைத்த சக்கரம், காலம் முழுக்க அந்த டயரையே வாங்க வைக்கும். அதுவும் வெளிநாட்டுச் சரக்கு. நம்மைச் சுற்றி டயர் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. ஓரகடத்தில் அப்போலோ டயர்ஸ் 2010-லேயே வந்துவிட்டது. இருந்தும் அவை செய்வது பெரும்பாலும் காருக்கும் லாரிக்கும்தான்.

வேகம் குறையுமே என்று மகளுக்குக் கவலை. இப்போதெல்லாம் நல்ல விளிம்பு டயரும், உள்ளே திரவம் ஊற்றுகிற ட்யூப் இல்லாத டயரும் ட்யூபுலருக்குச் சமமாக, சில சமயம் அதைவிட நன்றாகவே ஓடுகின்றனவாம். பெரிய பந்தயக் குழுக்களே மாறிக்கொண்டு வருகின்றன. சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் முகம் கூம்பித்தான் இருந்தது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டில் தோழிகளோடு பழகப் போனாள். அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஓயாது. வெடித்த லாரி டயரின் துணுக்குகளில் முடி மாதிரி மெல்லிய இரும்புக் கம்பி இருக்கும். அது சைக்கிள் டயரில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. ஆறரை மணிக்குப் போன் வந்தது. என் கை நடுங்கியது.

"அம்மா, பஞ்சர் ஆச்சு. மாத்திட்டேன். வந்துட்டிருக்கேன், தோசைக்கல்லைப் போடு."

'மாத்திட்டேன்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு எந்தக் கார்பன் சக்கரம் ஈடாகும், சொல்லுங்கள்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பைத்தியம் கிளம்பினால், நான் கற்றுக்கொண்டது இவ்வளவு:

பழைய சக்கரம் வாங்குமுன் ரிம் எந்த வகை டயருக்கானது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் விரிசல் இருந்தால் வேண்டாம்.

ட்யூபுலர்தான் வேண்டும் என்றால், பழகின மெக்கானிக் ஒட்டட்டும். ஆனால் பிய்க்கிற பழக்கம் ஓட்டுகிறவருக்கு இருக்க வேண்டும். ஊசி முனை ஓட்டைகளை அடைக்கும் திரவத்தை முன்கூட்டியே உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

டயரைக் கல் மாதிரி காற்றடிக்காதீர்கள். கரடுமுரடான ரோட்டில் கொஞ்சம் அகலமான டயரும் அளவான காற்றும் உடம்பைக் குலுக்காமல் கொண்டுபோகும். வெயிலில் நிறுத்தினால் அழுத்தம் தானாகக் கூடும். லேடெக்ஸ் ட்யூபில் ஒரே ராத்திரியில் காற்று இறங்கும். ஆகவே போட்டியன்று காலையில் சரிபாருங்கள்.

புது ட்யூப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்தின கம்பி அங்கேயே இருந்தால் புது ட்யூபும் போச்சு!

கூடுதலாகக் காற்று வழியும் வேண்டும். 2008-ல் அதே ஹவாய்ப் போட்டியில் இங்கிலாந்தின் க்ரிஸ்ஸி வெலிங்டனுக்குப் பஞ்சர் ஆனது. கையிலிருந்த வாயுக் குப்பிகள் வீணாகிப்போயின. போட்டியாளரான ஆஸ்திரேலியாவின் ரெபெக்கா கீட் தன்னிடமிருந்த குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். வெலிங்டன் மாற்றிக்கொண்டு ஓட்டி, ஜெயித்தும்விட்டார். கொடுக்கிற கை கிடைத்தால் பாக்கியம். கிடைக்காது என்று எண்ணிக் கிளம்புவதே சமர்த்து. குப்பியோடு ஒரு சின்ன கைப்பம்பும் இருக்கட்டும்.

அடுத்த இதழில், விடியற்காலை சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகளுக்கு வயிறு கனக்காத காலைப் பலகாரங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.