கை நடுக்கமுள்ளோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, கை நடுக்கத்தோடு வாழும் நாங்களும் எங்கள் குடும்பத்தாரும் முன்வைப்பது:

இலையில் ஊற்றிய ரசத்தை வாய்வரை கொண்டுபோக முடியாமல் கல்யாணப் பந்திகளில் உட்காருவதையே விட்டுவிட்டோம். கையைப் பார்த்ததும் குடிகாரர் என்று முடிவுகட்டுகிறார்கள். வயதானால் அப்படித்தான் என்று வீட்டிலும் தள்ளிவிடுகிறார்கள். இது எசென்ஷியல் ட்ரெமர் என்னும் நரம்பு நோய். மாத்திரை எல்லோருக்கும் கேட்பதில்லை.

கேட்காதவர்களில் பலருக்கு மண்டையோட்டைத் திறக்காமலே செய்யும் சிகிச்சை இருக்கிறது. தலையைச் சூழும் கவசத்தின் 1,024 முனைகளிலிருந்து புறப்படும் மீயொலி, மூளையின் தலாமஸில் ஒரு சிறு புள்ளியில் குவிகிறது. அங்கு வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும்போது நடுக்கத்தைக் கடத்தும் திசு அழிகிறது. எம்.ஆர்.ஐ. வெப்பத்தை அளந்துகொண்டே இருக்கும். நோயாளி விழித்தபடி சுருள்கோடு வரைந்து காட்டுவார். அமெரிக்கா 2016-இல் ஒப்புதல் தந்தது. ஜப்பான் 2019-இல் பொதுக் காப்பீட்டில் சேர்த்தது. கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனையிலும் கருவி வந்துவிட்டது. பணமுள்ளவருக்கு மட்டும் கை நிற்பது நியாயமல்ல.

ஆகவே, அரசு மருத்துவமனை ஒன்றிலாவது இந்தக் கருவியை நிறுவுங்கள். அதுவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் தனியாரிடமே இச்சிகிச்சை முழுமையாகக் கிடைக்க வழிசெய்யுங்கள்.

‘கத்தியின்றி’ என்ற விளம்பரத்தோடு எங்களை அனுப்பிவிடாதீர்கள். தலைமுடி முழுதும் மழிக்கப்படும் என்பதை, மரத்துப்போகும் ஊசி போட்டுத் தலையில் சட்டகம் திருகப்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மண்டையோட்டின் தன்மை ஒத்துவராவிட்டால் சிகிச்சையே பலிக்காது; அந்தச் சோதனையைப் பணம் கட்டும் முன் செய்யுங்கள். அழிந்த திசு திரும்பாது. மரமரப்பும் நடைத்தள்ளாட்டமும் சிலருக்கு நிலைத்துவிடலாம், நடுக்கம் ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் கூடும். இதே சிகிச்சைக்கு வரும் பார்க்கின்சன் நோயாளியிடம், நடுக்கம் குறைந்தாலும் நோய் முன்னேறுவது நிற்காது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். இதற்கு மாற்றாக மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு, அதன் தூண்டலை வேண்டியபோது நிறுத்தலாம், மாற்றியமைக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவையெல்லாம் தமிழில், குடும்பத்தார் முன்னிலையில், யோசிக்க அவகாசத்தோடு.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது நரம்பியல் மருத்துவர் நடுக்க நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

கை நடுங்கி வங்கியில் கையெழுத்திட முடியாத முதியோரிடம் சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை பெற்றுப் பணம் தர ரிசர்வ் வங்கி ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறது. அதைக் கிளை ஊழியர்கள் கடைப்பிடிக்க, மாவட்ட ஆட்சியர்கள் வங்கியாளர் கூட்டங்களில் வலியுறுத்த வேண்டும்.