வள்ளத்திற்கு எந்த வயர்லெஸ்?

கடல் கொடுப்பதும் உண்டு, எடுப்பதும் உண்டு. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீண்டு கிடக்கும் நம் குமரிக் கடற்கரையில் பிறந்தவர்க்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வள்ளமும் கட்டுமரமும் அலையைத் தாண்டிச் சென்றபின், அவை திரும்பும்வரை கரையில் இருப்போர் மனமும் கடலிலேயே கிடக்கும். இடையில் ஒரு சொல் பேசவும் கேட்கவும் வழி வேண்டாமா? கடற்கரை ஊர்களிலிருந்து இப்பள்ளிக்கு வரும் மாணவியராகிய நாங்கள் இதைப்பற்றி எங்கள் கருத்தைக் கூற விழைகிறோம்.

2017 நவம்பர் 29ஆம் நாள் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாளே ஒக்கிப் புயலாக மாறி நம் மாவட்டத்தை உலுக்கியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல அதற்குப் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்டன. எச்சரிக்கை கரையில் ஒலித்தது; தொலைவில் இருந்தவர்க்கு எட்டவில்லை. தமிழகமும் கேரளமும் நூற்றுக்கணக்கான மீனவர்களை இழந்தன. அந்தத் துயரத்திற்குப் பின்னரே தொடர்புக் கருவிகளைப் பற்றிய பேச்சு வீடுதோறும் எழுந்தது.

கேட்கும் கருவி வேறு, பேசும் கருவி வேறு என்பதை முதலில் உணர வேண்டும். 1984இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலியைக் கேட்க டிரான்சிஸ்டர் போதும். ஆனால் அதனிடம் நாம் பேச முடியாது. 2019இல் அறிமுகமான ‘ஜெமினி’ கருவி ஆழ்கடலிலும் வானிலைச் செய்தியைத் தரும். அதுவும் ஒருவழிப் பாதையே. கைப்பேசியோ கரையை விட்டு விலக விலக ஊமையாகிவிடும்; பேசினாலும் ஒருவருக்கு மட்டுமே கேட்கும். வயர்லெஸ் அப்படியன்று. ஒருவர் அழைத்தால் அதே சானலில் இருக்கும் அத்தனை படகுகளுக்கும் கேட்கும். ஆபத்தில் உதவ வருபவர் பெரும்பாலும் பக்கத்துப் படகுக்காரர்தாமே!

கையடக்க வயர்லெஸ் வாங்குவோர் எதைப் பார்க்க வேண்டும்? அது கடலுக்கென்றே செய்த வி.எச்.எப். கருவியாக இருத்தல் வேண்டும். கடைவீதியில் கிடைக்கும் வாக்கிடாக்கி உதவாது. உலகெங்கும் அபாய அழைப்புக்கென ஒதுக்கப்பட்ட 16ஆம் சானல் அதில் இருக்க வேண்டும். 5 வாட் திறன் வேண்டும். ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாமை, கைதவறி விழுந்தால் மிதத்தல், ஈரக் கையாலும் அழுத்தத்தக்க பொத்தான்கள், மாற்று பேட்டரி ஆகியவை அவசியம். மற்ற அலங்காரங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அரசின் உரிமம் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

ஆயினும், கருவி மட்டும் நல்லதாக இருந்தால் போதுமா? போதாது என்பதே எங்கள் கருத்து. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். இரு வள்ளங்களில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்துப் பேசினால், கணக்குப்படி 10 கிலோமீட்டரே எல்லை; நடைமுறையில் அதனினும் குறையும். கரையில் 25 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா இருந்தாலோ அவ்வெல்லை ஏறத்தாழ 25 கிலோமீட்டராகும். ஆக, வள்ளத்தில் இருக்கும் கருவியின் வலிமையில் பாதி கரையில் இருக்கிறது!

கரையில் கருவி இருந்தும் கேட்க ஆளில்லையேல் பயன் என்ன? 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது ‘கலிபோர்னியன்’ என்னும் கப்பல் அருகில்தான் நின்றது. அதில் வயர்லெஸ் இருந்தது. ஆனால் அதை இயக்கும் ஒரே மனிதர் உறங்கப் போய்விட்டார். தொலைவிலிருந்த ‘கார்பேத்தியா’ கேட்டு ஓடிவந்ததால் 700க்கு மேற்பட்டோர் பிழைத்தனர். வித்தியாசம் கருவியில் இல்லை, காதில் இருந்தது.

எனவே வீட்டுக்கு வீடு தனித்தனியாய் வாங்காமல், ஊரே கூடி ஒரே வகைக் கருவியை வாங்கட்டும். ஒருவர் பேட்டரி மற்றவருக்குப் பொருந்தும்; பழுது பார்ப்பதும் எளிது. ஆலயக் கோபுரத்தைப் போல உயர்ந்த இடத்தில் ஊருக்கு ஓர் ஆன்டெனா நிற்கட்டும். அதனடியில் முறைவைத்துக் கேட்போர் இருக்கட்டும். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடல் படகுகளுக்கு இது எட்டாது. அவற்றுக்குச் செயற்கைக்கோள் வழி அபாயச் செய்தி அனுப்பும் கருவியே தகும்.

கேட்கும் பணியைப் பெண்களும் செய்யலாமே! ‘மேடே’ என மும்முறை அழைத்து, படகின் பெயர், இருக்குமிடம், ஆபத்தின் தன்மை, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும் முறையை ஒரே நாளில் கற்கலாம். அதைக் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க நம்மால் இயலாதா?

பெற்றோரே, வலைக்கும் இயந்திரத்திற்கும் செலவிடும்போது இதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். தோழியரே, 16ஆம் சானல் வீண் பேச்சுக்கு உரியதன்று என்பதை உங்கள் அண்ணன் தம்பியரிடம் சொல்லுங்கள். கடலில் அழைப்பவர் கையில் கருவி இருப்பது நன்று. அவ்வழைப்பைக் கேட்கக் கரையில் நாம் விழித்திருப்பது அதனினும் நன்று.