கியர்பொக்ஸை இறக்கினால் கொன்வேட்டரையும் பாருங்கள்

ஓட்டோ கியர் வாகனத்தில் கியர்பொக்ஸ் பழுதானால் அதைத் திருத்துகிறார்கள். இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தையில் பாவித்த ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். முன்னால் இருக்கும் டோர்க் கொன்வேட்டரைப் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வெல்ட் அடித்து மூடிய சாமான், அதில் என்ன பார்ப்பது என்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தபோதும், வரியோடு வரும் விலை சம்பளக்காரருக்கு எட்டவில்லை. இருக்கிற பழைய வாகனத்தைத்தான் ஓட்ட வேண்டும். ஒரே கியர்பொக்ஸை இரண்டு தரம் இறக்க யாரிடம் காசு இருக்கிறது?

வகுப்பில் என்றால் இப்படி விளக்குவோம். இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். கொன்வேட்டருக்குள் காற்றுக்குப் பதில் ஒயில். அதே ஒயில்தான் கியர்பொக்ஸுக்குள்ளும் ஓடுகிறது. ஆகவே கியர்பொக்ஸ் தேய்ந்து விழுந்த தூள் கொன்வேட்டரின் இறக்கைகளுக்கிடையில் போய்த் தங்கும். கழுவாமல் மாட்டினால் அந்தத் தூள் புதிதாகத் திருத்திய கியர்பொக்ஸுக்கே திரும்பி வரும்.

மூடியிருந்தாலும் பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் உள்ளே இருக்கும் ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றுங்கள். கறுத்து, கருகிய வாசம் அடித்தால் உள்ளே கிளச் தேய்ந்திருக்கலாம். வெள்ளிபோல் மினுங்கினால் உலோகத் தூள். அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்குவது போதாது; லேத்தில் வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்து, பெலன்ஸ் பார்க்க வேண்டும். அல்லது வேறு கொன்வேட்டர் போட வேண்டும். அடுத்தது பம்புக்குள் போகும் கழுத்து. நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது சீல் போட்டாலும் ஒயில் கசியும். நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மிஞ்சிச் சூடாகியிருக்கிறது.

நடுவில் இருக்கும் ஸ்டேட்டரை விரல் விட்டுத் திருப்பிப் பார்க்கலாம். ஒரு பக்கம் சுழல வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுழன்றால் வாகனம் நின்ற இடத்திலிருந்து இழுக்காது. கடுகண்ணாவை ஏற்றத்தில் நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் பிடித்தால் எடுக்கும்போது இழுக்கும், வேகம் பிடிக்காது, சூடாகும்.

கராஜ் நானாமாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. "நாளைக்குக் கலியாணத்துக்குப் போகணும், இன்றைக்கே தாங்க" என்று நெருக்கி, கூலியிலும் பேரம் பேசினால் அவர் எதைத்தான் பார்ப்பார்? பார்ப்பதற்கும் ஒரு கூலி கொடுப்போம். மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்துக் காட்டச் சொல்வோம். மாட்டும்போது கொன்வேட்டர் முழுதாக உள்ளே இறங்கியதா என்றும் கேட்போம். இறங்காமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடைந்துவிடும்.

பிரியஸ், அக்வா, ஹொண்டா ஃபிட் ஜிபி 5 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றில் கொன்வேட்டரே கிடையாது. அப்படியான வாகனத்துக்கு "கொன்வேட்டர் போயிட்டுது" என்று யாராவது பில் போட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

மாவனல்லை, கேகாலைப் பக்கம் கொன்வேட்டரை வெட்டித் திறந்து சீராக்கும் இடம் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். பலர் கேட்கிறார்கள்.