எதிர்வீட்டுக்குச் சென்னை வழியாக

இரவு ஒன்பதரை மணிக்கு யூடியூப் சுற்றிக்கொண்டே நின்றால் திட்டு வாங்குபவர் யார்? நம்ம தெருக் கேபிள்காரர்தான். டிவி கேபிள் போட்ட கம்பங்களிலேயே ஃபைபரையும் இழுத்து, மாவட்ட அளவிலான ‘சி’ பிரிவு உரிமத்தில் இணையம் கொடுப்பவர். பெரும்பாலும் அவர் இழுத்த கம்பியில் குறை இருக்காது. அவர் மொத்த விலைக்கு வாங்கும் பேண்ட்வித் அந்த நேரத்தில் நிரம்பியிருக்கும்.

வீட்டுக்கு வரும் தரவில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களுடையது. நெட்ஃபிளிக்ஸ் 2012இல் ‘ஓப்பன் கனெக்ட்’ திட்டத்தைத் தொடங்கியது: படங்களைச் சேமித்து வைத்திருக்கும் சர்வர் பெட்டியை இணையம் கொடுப்பவரின் இடத்திலேயே வைப்பது. கூகுளும் இதே வழியில் கேஷ் சர்வர் தருகிறது. பெட்டிக்குக் காசில்லை, இடமும் கரண்டும் ஏ.சி.யும் இணையம் கொடுப்பவர் பொறுப்பு. ஊர் தூங்கும் நேரத்தில் நெட்ஃபிளிக்ஸ் பெட்டி மறுநாள் ஓடக்கூடிய படங்களை இறக்கி வைத்துக்கொள்ளும். மாலையில் ஆயிரம் வீடுகள் ஒரே படத்தைப் பார்த்தாலும் அது வெளியூரிலிருந்து மறுபடி வர வேண்டியதில்லை.

ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் டிராஃபிக் உள்ளவர்களுக்கே பெட்டி கிடைக்கும். சில ஆயிரம் இணைப்புகள் வைத்திருப்பவருக்கு அந்தப் படி எட்டாது. அவர் பெட்டி வைத்திருக்கும் பெரிய இணைய நிறுவனத்திடம் ‘கேஷ் பேண்ட்வித்’ என்று தனி விலையில் வாங்குகிறார். இலவசமாக வந்த பெட்டியிலிருந்து வரும் சரக்குதான் அது!

இன்னொரு வழி, இணையம் கொடுப்பவர்கள் தங்களுக்குள் நேரடியாகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணையச் சந்திப்பு மையம். அப்படிப்பட்ட இந்திய மையமான நிக்சி 2003இல் தொடங்கியபோது, உள்நாட்டுத் தரவு வெளிநாடு சுற்றி வரக் கூடாது என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதிகம் இறக்குபவர் பணம் கட்ட வேண்டும் என்ற கணக்கு அங்கே நெடுநாள் இருந்தது. வீடுகளுக்கு இணையம் கொடுப்பவர் இறக்காமல் வேறு என்ன செய்வார்? பிறகு வந்த தனியார் மையங்களில் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கே செலவு: சென்னை வரை லைன் வாடகை, டேட்டா சென்டரில் ரேக் வாடகை, ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்குப் போகும் சில மீட்டர் மஞ்சள் ஃபைபருக்கு மாதாமாதம் ஒரு கட்டணம்.

இதற்கிடையில், உள்ளடக்க நிறுவனங்கள் எங்களுக்கு நெட்வொர்க் கட்டணம் தர வேண்டும் என்கிறது செல்லுலார் நிறுவனங்களின் சங்கம். தென் கொரியாவில், தரவை அனுப்பும் நெட்வொர்க் காசு கொடுக்கும் முறை 2016 முதல் நிறுவனங்களுக்கிடையே இருக்கிறது. அங்கே நெட்வொர்க் கட்டணம் தாங்கவில்லை என்று சொல்லி நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. அப்படியொரு கட்டணம் இங்கே வந்தாலும் அது பேரம் பேசும் பலம் உள்ளவர் கைக்குத்தான் போகும். தென்காசி போன்ற ஊரின் கேபிள்காரர் கைக்கு வரும் என்று நான் நம்பவில்லை.

அவருக்கு வேண்டியது மதுரையிலோ நெல்லையிலோ சந்திப்பு மையமாக ஒரு சுவிட்ச். பத்துப் பேர் டிராஃபிக்கை அங்கே ஒன்றாகச் சேர்த்தால் பெட்டி கேட்கும் தகுதியாவது வரும். இன்றைக்கு ஒரே தெருவில் இருவேறு கேபிள்காரர்களின் இணைப்பு வைத்திருக்கும் எதிரெதிர் வீடுகளுக்கு இடையே ஒரு ஃபைல் போக வேண்டுமானாலும், அது பெரும்பாலும் சென்னைக்குப் போய்த்தான் திரும்புகிறது.