பாலை வழியிற் பின்தங்கியோர்

ஐந்திணைகளுள் பாலைக்கு மட்டும் தொல்காப்பியர் தனி நிலம் வகுத்தாரில்லை. நண்பகலும் வேனிலும் அதன் பொழுதுகள். பிரிதல் அதன் உரிப்பொருள். மணல் மேடுகள் பரந்த நாடு மட்டுமே பாலையன்று. மழை பொய்த்த காலத்திற் காடும் பாலையாகும், பொருள் தேடிப் பிரிந்தவன் நடந்த வழியும் பாலையாகும் என்பது தமிழ் மரபு. இந்த இலக்கணத்தைப் பரீட்சைக்கென மனனஞ் செய்யும் மாத்தளை மாணவருள் எத்தனை பேர், தம் மாவட்டத்தின் வடபகுதியிலேயே அத்தகைய நிலம் தொடங்கிவிடுகிறது என்பதை உணர்ந்திருக்கின்றனர்? அதனை உணர்த்துவதற்குச் சிறந்த வழி ஒன்றுண்டு. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களைத் துவிச்சக்கரவண்டிகளிற் குழுவாக அழைத்து வருவதே அது.

மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல, நாலந்தை என வரும் இவ்வழி ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நீளமானது. மே முதல் செப்டெம்பர் வரை இதன் பெரும்பகுதியில் மழை அரிது. கச்சான் காற்று முகத்தைச் சுடும். குளங்கள் வற்றி அடிமண் வெடிக்கும். முதிரையும் வீரையும் கருங்காலியும் நிற்கும் அக்காட்டிலே பாலை என்றே பெயர்கொண்ட மரமும் நிற்கிறது. தம்புள்ளையைக் கடந்து தெற்கே ஏற ஏற நிலம் குளிரும். மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் கண்ணிற் படும்போது வேறொரு நாட்டினுள் நுழைந்தது போலத் தோன்றும்.

1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின்னர், தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய நம் மக்கள், கங்காணியின் பின்னே கால்நடையாக நடந்து வந்த வழி இதுவே. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் தாகமும் அவர்களுட் பலரைக் கொன்றன. நடக்க மாட்டாதவர் வழியோரத்தில் விடப்பட்டனர். முற்பணக் கடன் முன்னே இழுக்க, பஞ்சம் பின்னே துரத்த, நின்று காத்திருக்க அக்கூட்டத்துக்கு இயலவில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர் வழிபட்ட இடத்திலேயே மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது என மரபு கூறும். வந்து சேராதவருக்கோ கோயிலுமில்லை, பெயருமில்லை. 1914இல் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் கப்பலும் புகைவண்டியும் இணைத்த பின்னர், அவர்கள் நடந்த வழியும் மெல்ல மெல்ல மறதியில் மூழ்கியது.

இம்மறதியைக் கலைத்தது 2023ஆம் ஆண்டு. மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாம் ஆண்டினை முன்னிட்டு, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில் ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம், ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. போற்றத்தக்க முயற்சி. ஆனால் இருநூறாண்டுக்கு ஒருமுறை மட்டும் நினைப்பது நினைவாகுமா? பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் மேற்கொள்ளத்தக்க வடிவம் ஒன்று வேண்டாவா?

அவ்வடிவம் துவிச்சக்கரவண்டியே என்பேன். பேருந்து ஒரே நாளிற் கொண்டுவந்து விடும். ஆனால் அதன் கண்ணாடிக்குள் இருப்பவனுக்குத் தாகம் தெரியாது. நடையோ பள்ளி விடுமுறையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர் மிதித்தால் ஐந்து நாளில் வழி முடியும். ஏற்றமும் எதிர்காற்றும் உடம்பில் எழுதிவிட்டே போகும்.

குழுவாகப் பாலை கடந்த வண்டியோட்டிகளும் நமக்கு அந்நியரல்லர். 1923 அக்டோபரிற் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். பாரசீகத்தையும் மெசொப்பொத்தேமியப் பாலையையும் மிதித்துக் கடந்து, 1928இல் பம்பாய்க்கு மீண்டவர் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா என்னும் மூவரே. அவர்கள் வீரத்தை நாடிச் சென்றவர். நம் முன்னோர் சோற்றை நாடி வந்தவர். நம் மாணவர் வேறொன்றை நாட வேண்டும்.

தண்ணீரில்லாத வழியிற் குழு தானாகவே சில நெறிகளைக் கற்றுக்கொள்ளும். முன்னே செல்பவன் காற்றைத் தாங்குவான். அவன் களைத்ததும் மற்றொருவன் முன்வருவான். ஒருவன் சக்கரத்திற் காற்றுப் போனால் அனைவரும் இறங்கி நிற்பர். குடுவைத் தண்ணீர் அளந்து பகிரப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழுவின் வேகத்தை வகுப்பவன் வல்லவனல்லன், மெல்ல வருபவனே. அன்று இவ்வழியில் எந்த நெறி முறிந்ததோ, அதே நெறியை இன்று பிள்ளைகள் அதே வழியிற் காப்பார்களாயின், அதனிலும் சிறந்த அஞ்சலி உண்டோ?

லொறிகள் விரையும் வீதியிற் பிள்ளைகளை எப்படி விடுவது என்று பெற்றோர் கேட்பர். நியாயமான அச்சமே. விடியுமுன் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கலாம்; முன்னும் பின்னும் ஆசிரியர் வரலாம்; தண்ணீரும் மருந்தும் ஏற்றிய வாகனமொன்று தொடரலாம். ஓட்டப்போட்டியன்று என்பதால் பழைய வண்டிகளே போதும். மாத்தளையின் சிங்கள, முஸ்லிம் மாணவரும் உடன் வருதல் நன்று. வழியெங்கும் உள்ள ஊர்கள் அவர்களுடையவையும் அல்லவா? மாலைதோறும் அவ்வூர் முதியோரிடம் பழைய வழியைப் பற்றிக் கேட்டு எழுதி வந்தால், பாடநூல் தராத வரலாறு சில ஏடுகளிலாவது சேரும்.

விதி ஒன்று மட்டும் மாறாதிருக்க வேண்டும். முதல்வனாக மாத்தளையை அடைபவனுக்குப் பரிசு வேண்டாம். கடைசி வண்டி வந்து சேரும்வரை எவரும் வீடு திரும்புதல் கூடாது.